ஆறு பெருகும் காலத்தில் மலைநடை: புதியவர்கள் திட்டமிடுவது எப்படி?

மழைக்காலத்திலும் பனி உருகும் காலத்திலும் மலையில் நடப்பவரை மடக்குவது ஏற்றத்தைவிடத் தண்ணீர்தான். காலையில் கற்களின் மேல் தாவிக் கடந்த ஓடை, மாலையில் தொடையளவுக்கு இழுத்துக்கொண்டு ஓடும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "இதைக் கடக்க முடியுமா?" என்று மட்டுமே பார்க்கிறார்கள். "இன்னும் எட்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது இதைக் கடக்க முடியுமா?" என்பதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி. அதற்கு விடை வீட்டில், வரைபடத்தின் முன்னால் கிடைக்க வேண்டும். ஆற்றங்கரையில் நனைந்து, களைத்து, இருட்டுக்கு முன் ஊர் சேர வேண்டும் என்ற தவிப்போடு நிற்பவர் சரியான முடிவு எடுப்பது அரிது.

படி 1: வரைபடத்தில் தண்ணீரைப் படியுங்கள்

1:25,000 அல்லது 1:50,000 அளவுகோலில், சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடம் வேண்டும். கைப்பேசிச் செயலி போதும்தான், ஆனால் தாளில் ஒரு படியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையால் தொடுதிரை சரியாக வேலை செய்யாது.

ஓடையையும் ஆற்றையும் காட்டும் நீலக் கோட்டைப் பாதை குறுக்கிடும் இடமெல்லாம் கடவு, அதாவது தண்ணீரைக் கடக்கும் இடம். அவற்றுக்கெல்லாம் வரிசையாக எண் போடுங்கள். நீலக் கோடு இல்லாத இடங்களையும் விட்டுவிடாதீர்கள். சமவுயரக் கோடுகள் மலை உச்சியை நோக்கிக் கூம்பி வளையும் இடமெல்லாம் பள்ளம். வெயில் காலத்தில் வறண்டு கிடக்கும் அந்தப் பள்ளம் கனமழையில் காட்டாறாகும். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நான்கு விவரங்கள் எழுதுங்கள்: பாலம் உண்டா, நீர்ப்பிடிப்புப் பரப்பு எவ்வளவு, கடவுக்குக் கீழே என்ன இருக்கிறது (அருவி, குறுகிய பாறை இடுக்கு, பெரிய ஆற்றோடு சேருமிடம்), கடக்க முடியாவிட்டால் எங்கே ஒதுங்குவது.

நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கணக்கிடுவது கடினமல்ல. கடவிலிருந்து மேல்நோக்கி, அந்த ஓடைக்குத் தண்ணீர் அனுப்பும் மலைமுகடுகளைப் பென்சிலால் சுற்றி வளைத்து, உள்ளே எத்தனை ஒரு கிலோமீட்டர் கட்டங்கள் வருகின்றன என்று எண்ணினால் போதும். 8 கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அங்கே 40 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 3,20,000 கன மீட்டர். ஏற்கெனவே நனைந்து ஊறிய மலையில் அதில் பாதி இரண்டு மணி நேரத்தில் வடிந்தாலும், வினாடிக்குச் சராசரியாக 22 கன மீட்டர் உங்கள் கடவு வழியாகப் போகும். 6 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் உள்ள சாதாரண ஓடையில் ஓடுவதோ வினாடிக்கு 1.8 கன மீட்டர்தான். கிட்டத்தட்ட 12 மடங்கு! இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர் ஓடைகளை இளப்பமாகப் பார்க்க மாட்டார்.

அடுத்து, பொறிகளைத் தேடுங்கள். மிக மோசமானது இரண்டு கடவுகளுக்கு நடுவே அகப்படுவது. முதல் ஓடையைக் கடந்தாகிவிட்டது, இரண்டாவதைக் கடக்க முடியவில்லை, திரும்பினால் முதலாவதும் ஏறியிருக்கிறது. வரைபடத்தில் இப்படிப்பட்ட துண்டு நிலம் இருந்தால், அங்கே உயரமான, சரிவில்லாத, காட்டாற்றுப் பாதையில் இல்லாத இடம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பாதையையே கைவிடுங்கள்.

முகட்டு வழியாகப் போகும் மாற்றுப் பாதை இருந்தால் அதையே எடுங்கள், தூரம் கூடினாலும் பரவாயில்லை. ஓடையை அதன் தொடக்கத்துக்கு அருகே கடந்தால் நீர்ப்பிடிப்பு சிறிது, தண்ணீரும் குறைவு. ஆற்றில் மேலே அணையோ நீர்மின் நிலையமோ இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மதகு திறந்தால் மழையே இல்லாமல் சில நிமிடங்களில் மட்டம் ஏறும். சைரன் ஒலித்தால் அந்த நொடியே ஆற்றுப்படுகையை விட்டு மேலேற வேண்டும்.

படி 2: வானிலையில் எதைப் பார்ப்பது

"மழைக்கு 60 சதவீத வாய்ப்பு" என்பதை வைத்து ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மணி நேரத்தில் என்பதே தேவை. நாள் முழுக்கத் தூறி 40 மில்லிமீட்டர் சேர்வதும், ஒரே மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் கொட்டுவதும் ஆற்றுக்கு வெவ்வேறு. சிறிய, செங்குத்தான நீர்ப்பிடிப்பில் மழை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெள்ளம் வரலாம். அதே ஓடை மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்தும் விடும். பெரிய ஆறு மெதுவாக ஏறி, ஒன்றிரண்டு நாள் கழித்தே இறங்கும்.

கடந்த ஐந்து நாள் பெய்த மழையையும் கூட்டிப் பாருங்கள். காய்ந்த மண் முதல் மழையை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த மண் அப்படியே கீழே அனுப்பும். மண்சரிவும் பெரும்பாலும் இப்படி ஊறிய சரிவுகளில்தான்.

உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது எந்த உத்தரவாதமும் தராது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வந்து 11 பேரை அடித்துச் சென்றது. மழை பெய்ததோ பல கிலோமீட்டர் தள்ளி, மேல்பகுதியில். ஆகவே முன்னறிவிப்பை நடக்கும் இடத்துக்கு மட்டும் பார்க்காமல், படி 1-இல் பென்சிலால் சுற்றிய பகுதி முழுவதற்கும் பாருங்கள்.

பனிமலைகளில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, உறைநிலை (காற்றின் வெப்பம் 0 டிகிரி செல்சியஸ் ஆகும் மட்டம்) எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. அது 3,000 மீட்டரிலிருந்து 4,000 மீட்டருக்கு ஏறினால், நேற்று வரை பனியாக விழுந்து தங்கிய அந்த ஆயிரம் மீட்டர் உயரப் பகுதியில் இன்று மழை கொட்டும், கிடக்கும் பனியும் சேர்ந்து உருகும். மற்றொன்று, உருகுநீரின் நாள் ஒழுங்கு. விடியற்காலையில் ஆறு மிகத் தாழ்ந்திருக்கும், பிற்பகல் முதல் மாலை வரை உச்சத்தில் ஓடும். பனியாறு தொலைவில் இருந்தால் உச்சம் இரவில்கூட வரும். எனவே பனி உருகி வரும் ஆற்றை விடிந்ததும் கடக்கும்படி நாளை அமையுங்கள்.

படி 3: நேரமும் எல்லையும் எழுத்தில்

சமதளத்துக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்பது, மலைநடைக்கு ஆகும் நேரத்தை மதிப்பிட உதவும் நெய்ஸ்மித் கணக்கு. சேறும் வழுக்கலும் உள்ள பாதையில் அதோடு மேலும் பாதி நேரம் சேருங்கள். பாலமில்லாத ஒவ்வொரு கடவுக்கும், இடம் தேடிக் கடந்து காலணி பிழிய, அரை மணி நேரம் தனியாக வையுங்கள். பயணம் மூன்று நாள் என்றால் ஐந்து நாள் விடுப்பு எடுங்கள். "திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும்" என்ற எண்ணம் ஏறிய ஆற்றில் பலரை இறக்கியிருக்கிறது.

பின்வாங்கும் எல்லையைக் கிளம்பும் முன்பே எழுதி, குழுவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக: 3-ஆம் கடவில் தண்ணீர் முட்டிக்கு மேல் இருந்தால் திரும்புவோம்; பிற்பகல் 1 மணிக்குள் 4-ஆம் கடவைத் தாண்டாவிட்டால் அங்கேயே தங்குவோம்; குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் கடக்க மாட்டோம்.

ஊரில் இருக்கும் ஒருவரிடம் பாதை, கடவு எண்கள், மாற்று வழி, குழுவினர் பெயர், எச்சரிக்கை நேரம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எச்சரிக்கை நேரம் என்பது நீங்கள் திரும்பும் நேரமல்ல. "அதற்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழை" என்ற நேரம் அது. ஆறு இறங்கக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் சேர்த்து அதைக் குறியுங்கள். சேர்க்காவிட்டால், தேடுவார்களே என்ற பதற்றத்திலேயே ஆற்றில் இறங்கத் தோன்றும்.

படி 4: பையில் என்ன

முதுகுப்பையின் மேலே போடும் மழை உறை ஆற்றில் பயன்படாது. பைக்குள்ளே தடிமனான, 70 முதல் 90 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, பொருட்களை அதற்குள் வைத்து, காற்றைச் சற்று விட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். தூங்கும் உடை, தூக்கப் பை, தீப்பெட்டி மூன்றும் இன்னொரு நீர்புகாப் பைக்குள். இப்படி அடுக்கிய பை தண்ணீரில் மிதக்கும், விழுந்தவருக்குத் தெப்பம்போலவும் உதவும்.

கூடுதலாக இரண்டு நாள் உணவு, அதிலும் ஒரு நாளைக்குச் சமைக்காமலே தின்னக்கூடியது. தார்ப்பாய் ஒன்று. ஆளுக்கொரு விசில், தலை டார்ச், மாற்று பேட்டரி. கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்கு என்றால், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. சில நாடுகளில் அதற்கு முன்அனுமதி வேண்டும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீர்புகாத கனமான பூட்ஸ் கடவுகள் நிறைந்த பாதைக்கு ஏற்றதல்ல. மேலே வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. பிடிப்பான அடிப்பாகமும், தண்ணீர் வடியும் துணியும் உள்ள காலணி நல்லது. முழங்கால் வரை தொங்கும் மழை அங்கியோடு ஆற்றில் இறங்காதீர்கள், நீரோட்டம் அதைப் பாய்போல் பிடித்து இழுக்கும்.

படி 5: கரையில் நின்று அளப்பது

முதலில் பையை இறக்கி வையுங்கள். பத்து நிமிடம் ஆற்றைப் பாருங்கள். மட்டத்தோடு ஒட்டி ஒரு கல்லையோ குச்சியையோ அடையாளம் வைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஏறிக்கொண்டிருக்கும் ஆற்றில் இறங்கவே கூடாது.

வேகத்தை அளக்க, கரையில் 10 மீட்டர் தூரத்தை அடிவைத்து அளந்து, ஒரு குச்சியை நடு ஓட்டத்தில் எறிந்து வினாடிகளை எண்ணுங்கள். 10 வினாடி என்றால் வினாடிக்கு ஒரு மீட்டர், 5 வினாடி என்றால் இரண்டு மீட்டர். எண்ணத் தோன்றாவிட்டால் இன்னொரு வழி: குச்சியோடு கரையில் நடந்து பாருங்கள். சாதாரண நடையால் அதைப் பிடிக்க முடியவில்லையென்றால் கடக்க வேண்டாம்.

ஆழத்தை (மீட்டரில்) வேகத்தால் (வினாடிக்கு மீட்டர்) பெருக்குங்கள். சமமான, உறுதியான தரையில் பெரியவர் ஒருவர் நிற்க 0.6 வரை தாங்கும் என்று கொள்ளலாம். உருளும் கற்களில், பை சுமந்து நிற்கும் புதியவர் 0.4-ஐத் தாண்ட வேண்டாம். அரை மீட்டர் ஆழம், அதாவது முட்டியளவு, வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடினால் பெருக்குத்தொகை 1. பார்வைக்கு ஆழமில்லாதது போலிருந்தாலும் அது ஆளைச் சாய்க்கும். வேகம் இரு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதே காரணம்.

அளக்காமலே திரும்ப வேண்டிய அறிகுறிகளும் உண்டு. தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலை தழையும் கிளைகளும் நுரையும் மிதந்து வருவது, ஈர மண் வாசனை, அடியில் கற்கள் உருண்டு மோதும் உறுமல். இன்னொன்று புதியவரை ஏமாற்றும்: மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஆறு சட்டென்று வற்றுவது. மேலே மண்சரிவோ மரங்களோ தண்ணீரை அடைத்திருக்கலாம், உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும். நல்லவேளை என்று அப்போது கடக்காதீர்கள், ஏறி ஒதுங்குங்கள்.

பாலம் இருந்தாலும் நம்பி ஓட வேண்டாம். இரு முனைகளிலும் மண் அரித்துப் போயிருக்கிறதா, மரங்கள் வந்து முட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் பாலத்தின் தளத்தைத் தொட்டால் அதன்மேல் நடக்கக் கூடாது.

படி 6: கடப்பது

பாதை ஆற்றைத் தொடும் இடமே கடக்கச் சிறந்த இடம் என்று எண்ணாதீர்கள். மேலும் கீழும் நடந்து, ஆறு அகன்று பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். வளைவின் வெளிப்பக்கம் ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும், நேராக ஓடும் பகுதியே நல்லது. எதிர்க்கரையில் ஏற இடம் வேண்டும். கீழே 100 மீட்டர் வரை போய்ப் பாருங்கள்: விழுந்தால் எங்கே போய் ஒதுங்குவேன்? அங்கே அருவியோ, பாறை இடுக்கோ, ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். சாய்ந்த மரம் சல்லடை மாதிரி. தண்ணீர் கிளைகளுக்கிடையே போய்விடும், ஆள் அதில் அப்பி அழுந்திவிடுவார்.

காலணியைக் கழற்றாதீர்கள். வெறுங்காலில் கல் வழுக்கும், வலியில் தடுமாறுவீர்கள். தொளதொளப்பான கால்சட்டையைக் கழற்றிப் பையில் வையுங்கள். பையின் மார்பு வாரை அவிழ்த்து, தோள் வாரைத் தளர்த்துங்கள். இடுப்பு வார் பற்றிப் பயிற்றுநர்களிடையே இரு கருத்து உண்டு: பை மிதக்குமாதலால் மாட்டியே இருக்கட்டும் என்பவர்களும், சிக்கினால் உதற முடியாதே என்பவர்களும் இருக்கிறார்கள். ஆற்றில் பயிற்சி இல்லாதவர் அவிழ்த்துவிடுவதே நல்லது என்பது எங்கள் தீர்மானம்.

தனியாக என்றால் தோள் உயரத்துக்குக் குறையாத உறுதியான ஊன்றுகோல் வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து, கோலை முன்னால் ஊன்றி, அதன்மேல் சாய்ந்து, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகருங்கள். கோல், இரண்டு கால் ஆகிய மூன்றில் ஒன்று நகரும்போது மற்ற இரண்டும் தரையில் இருக்க வேண்டும். காலை உயரத் தூக்காமல் தடவித் தடவி வையுங்கள். நேர் குறுக்காகப் போகாமல், சற்றே கீழ்நோக்கிச் சாய்வாகப் போனால் ஓட்டம் எதிர்க்காது.

மூன்று முதல் ஐந்து பேர் இருந்தால் கைகோத்துக் கடப்பது இன்னும் பாதுகாப்பு. எல்லோரும் எதிர்க்கரையைப் பார்த்துத் தோளோடு தோள் நிற்க வேண்டும், அந்த வரிசை நீரோட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். பக்கத்தவரின் பைக்கும் முதுகுக்கும் நடுவே கையை நுழைத்து, அப்பால் உள்ள வாரைப் பிடியுங்கள். வலுவானவர் ஓட்டம் வரும் முனையில், வலுக்குறைந்தவர் நடுவில். முதலாமவர் ஓட்டத்தை உடைக்க, மற்றவர்கள் அவர் மறைவில் நடப்பார்கள். வரிசை திரும்பி நீரோட்டத்துக்குக் குறுக்காக நின்றுவிட்டால் எல்லோரையும் ஒரே நேரத்தில் தண்ணீர் தள்ளும், இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். நடுவில் எதிர்பார்த்ததைவிட ஆழம் தெரிந்தால் உடல் திருப்பாமல் அப்படியே பின்னடி வைத்து வெளியேறுங்கள்.

கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு கடக்கவே கூடாது. விழுந்தால் கயிறு இறுகி, ஓட்டம் ஆளை அடியில் அழுத்திவிடும்.

விழுந்துவிட்டால்

மல்லாந்து, கால்கள் ஓட்டம் போகும் திசையில் முன்னே, பாதங்கள் நீர்மட்டத்தில் தெரிய மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயலாதீர்கள். பாதம் கற்களுக்கிடையே சிக்கினால், முட்டிக்குச் சற்று மேலான தண்ணீரே ஆளைக் குப்புற அழுத்திக் கொன்றுவிடும். கைகளால் துழாவிக் கரைப்பக்கம் சாய்வாகத் தள்ளிப் போங்கள். கை தரையைத் தொடும் ஆழம் வந்த பிறகே எழுங்கள். சாய்ந்த மரம் எதிரே வந்து, விலக வழியே இல்லையென்றால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னே வேகமாக நீந்தி அதன்மேல் தாவி ஏற வேண்டும். கரையில் இருப்பவர் உள்ளே குதிக்கக் கூடாது, கீழே ஓடிப் போய்க் கோலை நீட்டுங்கள்.

உறைகுளிர் நீர் என்றால் நேரம் மிகக் குறைவு. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்குவதே வேலை. கை கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். கரையேறியதும் ஈர உடையை முழுக்கக் கழற்றி, உலர்ந்ததை மாற்றி, தூக்கப் பைக்குள் போய்விட வேண்டும்.

இரவு தங்கும் இடம்

பக்கவாட்டு ஓடை பெரிய பள்ளத்தாக்கில் வந்து சேரும் இடத்தில், விசிறி விரித்ததுபோல் மென்மையாகச் சரிந்த நிலம் இருக்கும். கூடாரம் போட அழைப்பது போலவே இருக்கும். அந்த விசிறியை உண்டாக்கியதே பழைய வெள்ளங்கள்தான். 1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினின் பிரனீஸ் மலையில், பியெஸ்காஸ் ஊருக்கு அருகே அப்படிப்பட்ட விசிறி நிலத்தில் இருந்த முகாம் வெள்ளத்தில் அழிந்து 87 பேர் இறந்தார்கள்.

மரக்கிளைகளில் தொங்கும் காய்ந்த புல், சருகு, குப்பை ஆகியவை பழைய வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும். அதற்கு மேலே குறைந்தது 5 மீட்டராவது ஏறித் தங்குங்கள். மேலே சாய்ந்த மரங்கள், புதிய வெடிப்பு, கலங்கிய ஊற்று தெரிந்தால் அது நகரும் சரிவு, விலகிப் போங்கள்.

கடவின் இந்தக் கரையில் தங்குவதா, அந்தக் கரையிலா? இரவில் மழை வரும் என்றால், ஆறு தாழ்ந்திருக்கும்போதே கடந்து, வெளியேறும் பாதை உள்ள கரையில் தங்குங்கள். பனி உருகும் ஆறு மாலையில் ஏறியிருந்தால் இந்தக் கரையிலேயே தங்கி, விடிந்ததும் கடங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் தேவையில்லாத சிக்கல் வருகிறது.

இரவில் உறுமல் கேட்டால் கூடாரத்தைப் பிரிக்க நிற்காமல், பள்ளத்தாக்கின் பக்கச் சரிவில் நேராக மேலே ஏறுங்கள். 1976 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் பிக் தாம்ஸன் பள்ளத்தாக்கில் சில மணி நேரத்தில் சுமார் 300 மில்லிமீட்டர் மழை கொட்டி, 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரில் பள்ளத்தாக்கு வழியே தண்ணீரை முந்தப் பார்த்தவர்கள் பலர் அதில் அடக்கம். மேலே ஏறித் தப்பிக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகைகள் அதன் பிறகுதான் அங்கே வந்தன.

குடிநீர்

சுற்றிலும் தண்ணீர் இருக்கும், குடிக்கத்தான் இருக்காது. கலங்கல் நீர் வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும், குளோரின் மாத்திரையும் அதில் முழுதாக வேலை செய்யாது. சுலபமான வழி, தார்ப்பாயைச் சரிவாகக் கட்டி மழைநீரைப் பிடிப்பது. ஆற்று நீர்தான் என்றால் பாத்திரத்தில் சில மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடித்து, கொதிவந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

ஆறு இறங்கும் வரை

தார்ப்பாய்க்குக் கீழே உலர்ந்த உடையோடு உட்காருங்கள். உணவை மூன்று நாளுக்கு வருமாறு பங்கிடுங்கள். மணிக்கொருமுறை அடையாளக் குச்சியைப் பார்த்து நேரத்தோடு எழுதினால், எவ்வளவு வேகத்தில் வடிகிறது என்பது இரண்டு மூன்று அளவிலேயே தெரிந்துவிடும். கால்களை இரவில் துடைத்து உலர வையுங்கள், நாள் கணக்கில் ஊறினால் தோல் உரிந்து நடக்கவே முடியாது. உதவி தேவையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள்.

கீழே இறங்கிச் சமிக்ஞை கிடைத்ததும், குளிக்கும் முன், சாப்பிடும் முன், ஊரில் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். கடவுப் பட்டியலில் அன்றைய மழையளவையும் பார்த்த மட்டத்தையும் எழுதி வையுங்கள், அடுத்து அந்தப் பாதையில் போகிறவருக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. வெள்ளநீரில் நடந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், வெள்ளநீரில் இறங்கியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.